கடைசிச் சரணத்தில் வந்து சேர்ந்தவன்

கிறிஸ்து அரசர் பெருவிழா மறையுரை, தம்பானூர், திருவனந்தபுரம்



திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் இந்தப் பெருவிழாவை ஏற்படுத்தியது 1925இல். நூறு ஆண்டு ஆகிறது. அரசருக்கு விழா என்றால் அரியணையும் முடியும் வரும் நற்செய்தியைத்தானே எதிர்பார்ப்போம்? லூக்கா நம்மைக் கல்வாரிக்குக் கூட்டிப் போகிறார். அங்கே எழும் சத்தத்தைக் கவனித்தீர்களா? தலைவர்கள் ஏளனம் செய்கிறார்கள். படைவீரர்கள் புளித்த திராட்சை இரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே திருப்பிச் சொல்கிறார்கள். பக்கத்துச் சிலுவையில் தொங்குகிறவனும் அதையேதான் சொல்கிறான். நீ மெசியா என்றால், அரசன் என்றால், உன்னை நீயே காப்பாற்றிக்கொள் என்ற ஒரே பல்லவி. யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆனாலும் சுருதி கொஞ்சமும் பிசகவில்லை. மக்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று மட்டும் லூக்கா சொல்கிறார்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு குரல் சேரவில்லை. இன்னொரு சிலுவையில் தொங்கிய குற்றவாளியின் குரல் அது. அவன் தன்னை இறக்கிவிடச் சொல்லவில்லை, வலியைக் குறைக்கவும் சொல்லவில்லை. ஆட்சியுரிமையோடு வரும்போது தன்னை நினைத்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டான். வாழ்நாள் முழுக்கக் கோவில் பக்கம் வராமல் இருந்துவிட்டுக் கடைசிச் சரணத்தில் வந்து சேர்ந்த ஆள் என்று அவனைச் சொல்லலாம். ஆண்டவர் அவனுக்கு இடம் வைத்திருந்தார்.

நேற்று 22ஆம் தேதி, புனித செசிலியா திருநாள். நம் பாடகர் குழுவினர் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. செசிலியாவின் பழைய வரலாறு என்ன சொல்கிறது தெரியுமா? அவருடைய திருமணத்தில் இசைக்கருவிகள் முழங்கிக்கொண்டிருந்தபோது அவர் இறைவனை நோக்கி உள்ளத்துக்குள்ளேயே பாடினாராம். அந்தப் பாட்டு பந்தலில் இருந்த ஒருவர் காதிலும் விழவில்லை. அவரைப் போய் இசைக்குப் பாதுகாவலி ஆக்கியிருக்கிறோம்! வேடிக்கைதான். ஆனால் எனக்குப் பிடித்த வேடிக்கை. அதனால் இன்று பாடகர் குழுவைப் பற்றியே பேசப் போகிறேன். அரசரை மறந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

என் ஊர் இங்கிருந்து தெற்கே. நீரோடி முதல் இரயுமன்துறை வரை கடலோரமாக வரிசையாய் எட்டு ஊர்கள், தூத்தூர் மறைவட்டம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லை மாறியபோது எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. பங்குகள் மட்டும் திருவனந்தபுரம் மறைமாவட்டத்திலேயே இருந்துவிட்டன. இன்றும் அப்படித்தான். நம் பேராயராக இருந்த சூசைபாக்கியம் ஆண்டகை பிறந்த மார்த்தாண்டன்துறையும் அந்த எட்டில் ஒன்று. ஆகவே எங்கள் பாட்டு நோட்டில் இரண்டு மொழியும் கிடக்கும். மலையாளப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். எழுத்தில் பாதி பிழையாக இருக்கும், ராகத்தில் பிழை வராது.

எங்கள் குழுவில் ஆண்கள் வரிசை வருடத்தில் முக்கால்வாசி நாள் காலியாகவே இருக்கும். எங்கள் ஆட்கள் ஆழ்கடல்காரர்கள். கொச்சியிலிருந்து போட்டில் புறப்பட்டால் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் வெளியே கிடப்பார்கள். ஞாயிறு திருப்பலியில் பாடுவது அக்காமார்களும், கடலுக்குப் போகும் வயது தாண்டிய இரண்டு மூன்று தாத்தாமார்களும்தான். ஆர்மோனியம் வாசித்தவரை நாங்கள் மாமா என்போம். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாட்டில் ஆண்கள் பாட வேண்டிய அடி வந்ததும் பெண்கள் நிறுத்திவிட வேண்டும். ஆர்மோனியம் மட்டும் அந்த அடியைத் தனியாக வாசிக்கும். அது முடிந்த பிறகுதான் பெண்கள் தங்கள் அடியை எடுப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஏதோ தடுமாறுகிறது என்றே தோன்றும்.

சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் கேட்டேன், "மாமா, அதையும் அக்காமாரே பாடினா என்ன?"

"அது அவியளுக்க எடம் மக்களே. வரும்போ இருக்கணும்லா," என்றார்.

வரவும் செய்தார்கள். திருவிழாக் கொடி ஏறும் நாளுக்கு எப்படியாவது ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டைகள். ஆர்மோனியம் ஒரு கட்டையில் நிற்கும், இவர்கள் இன்னொரு கட்டையில் நிற்பார்கள். மாமாவின் முகம் சுளிக்கும். ஆனால் ஒரு நாளும் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. பிறகு குருமடத்தில் முறையாக இசை கற்றேன், நல்ல குழுக்களைக் கேட்டிருக்கிறேன், அந்தப் பிசிறு எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். உங்களில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு திருவருகைக்காலம் டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கியது. கிறிஸ்து பிறப்புப் பாடல்களுக்குப் பயிற்சி நடக்க வேண்டிய மாலைகளில் எங்கள் கரை முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடலுக்குப் போன பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. ஊருக்குப் போயிருந்தேன். பிறப்பு விழாத் திருப்பலிக்கு என்ன பாடுவது, பாடுவதா வேண்டாமா என்று பங்கு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஆண்கள் அடியை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. ஒரு அக்கா சொன்னார், ஆர்மோனியமே வாசிக்கட்டும், எப்போதும்போல இடம் இருக்கட்டும் என்று. இன்னொருவருக்குக் கோபம் வந்துவிட்டது. இனி வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் எத்தனை நாள் அந்த இடத்தைக் காலியாக வைத்து எங்களைக் கொல்லுவீர்கள் என்றார். இரண்டு பேரும் வீட்டில் ஆளை இழந்தவர்கள். யார் சொன்னது சரி என்று என்னிடம் கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. நல்லவேளை, மாமா என்னைக் கேட்கவில்லை. மறுநாள் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பையன்களைக் கூட்டிவந்து அந்த வரிசையில் நிறுத்தினார். குரல் உடைகிற வயது. பாதி அடியில் கீச்சென்று போய்ப் பாதாளத்தில் விழும். அப்படியே பாடினார்கள். அக்காமார்கள் அழுதார்கள், கொஞ்சம் சிரிக்கவும் செய்தார்கள்.

மாற்கு நற்செய்தியில் நாம் வேகமாகக் கடந்துபோகிற ஒரு வசனம் உண்டு, பதினான்காம் அதிகாரம் இருபத்தாறு. இரவு உணவு முடிந்ததும் அவர்கள் புகழ்பாடல் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் புறப்பட்டார்கள் என்கிறது அது. மத்தேயுவும் இதைச் சொல்கிறார். பாஸ்கா இரவில் பாடும் வழக்கமுள்ள திருப்பாடல்களாக, 113 முதல் 118 வரையுள்ளவற்றில் சிலவாக, அவை இருந்திருக்க வேண்டும் என்பார்கள் அறிஞர்கள். நம் ஆண்டவரும் ஒரு பாடகர் குழுவில் நின்று பாடியிருக்கிறார்! உடன் நின்றவர்கள் யார்? சேவல் கூவுவதற்குள் மறுதலிக்கப் போகிற பேதுரு. தோட்டத்தில் தூங்கப் போகிறவர்கள். துணியை விட்டுவிட்டு ஓடுகிற இளைஞன் ஒருவனும் அதே அதிகாரத்தில் வருகிறான். சில மணி நேரத்தில் கலைந்துபோகும் குழு. அது தெரிந்தும் அவர் அவர்களோடு பாடினார். மறுநாள் அந்தக் குழு கலைந்துபோன பிறகுதான் சிலுவையிலிருந்து அந்தக் குற்றவாளி குரல் கொடுக்கிறான்.

கலைந்துபோயிருக்க வேண்டிய இன்னொரு குழுவின் கதையும் உண்டு. அயர்லாந்தில், கார்க் மாவட்டத்தில், கூல் ஏ என்றொரு சிற்றூர். ஐரிஷ் மொழி இன்னும் வீட்டுப் பேச்சாக நிற்கும் சில பகுதிகளில் ஒன்று. ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் 1963இல் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். சாதாரண ஆள் இல்லை. 1959இல் வந்த ஒரு படத்துக்கு அவர் அமைத்த இசையால் அந்த நாடே அவரை அறிந்திருந்தது. அதே 1963 டிசம்பர் 4ஆம் தேதிதான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்டு, மக்கள் மொழிக்குப் பீடத்தில் இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு அவர் அந்த ஊர் ஆண்களைக் கூட்டி ஒரு குழு அமைத்தார். அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் கடைவாசலிலும் பரம்பரையாகப் பாடிவந்த பாணியிலேயே, அவர்கள் மொழியிலேயே திருப்பலிக்கு இசை எழுதினார். 1971இல், நாற்பதே வயதில், இறந்துபோனார். குழு கலைந்திருக்க வேண்டும். அவருடைய மகன், இருபதுகூட ஆகாத பையன், அப்பாவின் இடத்தில் போய் நின்றார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அவரே அந்தக் குழுவை நடத்தினார். இதை முதலில் படித்தபோது எங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பையன்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

நம் கதைக்கு வருவோம். தம்பானூரில் தமிழில் பாடுகிற நாம் இங்கே விருந்தாளிகள் என்று சிலர் கூச்சப்படுகிறீர்கள். கூச்சம் வேண்டாம். இந்தியாவில் அச்சான முதல் தமிழ் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் அச்சேறியது கொல்லத்தில்; தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். அது ஒரு செபப் புத்தகம். இந்தக் கேரள மண்ணில் நம் மொழி செபித்துக்கொண்டிருப்பது நேற்று இன்றல்ல.

நம் குழுவில் யார் இருக்கிறார்கள்? ரயில்வேக்காரர்கள், சாலைக் கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்கள், இரவுப் பணி முடித்துக் கண் சிவக்க வரும் செவிலியர்கள், தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் பாடும் ஒரு கல்லூரி மாணவி. பாதிப் பேர் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைவிடக் குறைவான நாட்களே இருப்பார்கள். ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் வைத்தியத்துக்காகக் குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் அவர்கள். நாலு வாரம் வருவார்கள், பிறகு காணோம். குணமாகிப் போனார்களா என்று நாம் கேட்பதுகூட இல்லை. அவர்களில் ஒருவர் நற்கருணைப் பாட்டின்போது உதடசைக்கப் பார்ப்பார். அதற்குள் அடுத்த அடி போய்விடும்.

இங்கேதான் எனக்கு ஒரு குறை, சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக நாம் பென் டிரைவில் இசையைப் போட்டு அதன் மேல் பாடுகிறோம். கேட்க நன்றாகவே இருக்கிறது. வயலின் உண்டு, புல்லாங்குழல் உண்டு. ஆனால் அது நிற்காது. மூச்சு வாங்குகிற பாட்டிக்காக ஒரு தாளம் பொறுக்காது, பணி முடிந்து தாமதமாக ஓடிவருகிறவருக்கு இடம் விடாது. பாடகர் குழுக்களை ஊக்கமாக வளர்க்கச் சொன்ன அதே சங்க ஏடு, அதே 114ஆம் எண்ணில், மக்கள் அனைவரும் தங்கள் பங்கைப் பாட வழி செய்ய வேண்டும் என்று ஆயர்களுக்கும் எங்களுக்கும் சொல்லியிருக்கிறது. நன்றாகப் பாடிப் பாடி மக்களை வாயடைத்துவிட்டால் அவர்களைக் கல்வாரியில் வேடிக்கை பார்த்து நின்றவர்களின் வரிசையில் நாமே நிறுத்திவிடுகிறோம். மேல்மாடத்தில் துணி போர்த்தி ஒரு ஆர்மோனியம் இருக்கிறது. துருத்தி கிழிந்திருந்தது, தைத்தாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு திருவருகைக்காலம் தொடங்குகிறது. பயிற்சி சனிக்கிழமை மாலை ஆறரைக்கு. நாகர்கோவில் வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள், அது போதும். குரல் சரியில்லை என்ற காரணத்தை இந்த ஆண்டு நான் ஏற்பதாக இல்லை. கடைசி பெஞ்சில் இருப்பவர்களுக்கு, பெரிய எழுத்தில் அச்சடித்த பாட்டுத்தாள் வாசலில் இருக்கும். உங்கள் பெயரை அதன் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் விசுவாசிகள் மன்றாட்டில் உங்களை நினைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு அடியைக் குழு பாடாது. அந்த அடி உங்களுக்கு.

இப்போது எழுந்து நின்று, நம் விசுவாச அறிக்கையைச் சொல்வோம்.