நஞ்சுக்கு வாரிசு யார்?

தந்தை சேர்த்த செல்வத்துக்கு உரிமை கொண்டாடும் மைந்தன், அவர் பட்ட கடனையும் தீர்க்கக் கடமைப்பட்டவன் என்பது உலக வழக்கு. செல்வத்தைத் தான் வைத்துக்கொண்டு, கடனை ஊரார் தலையில் கட்டுபவனை நாணயமுள்ளவன் என்று எவரும் நவிலார். தனி மனிதனுக்குரிய இந்த அறம், ஆலை முதலாளிக்கு மட்டும் இல்லையா? போபால் மக்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு நிற்கும் கேள்வி இது.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு. 'செவின்' எனும் பூச்சிக்கொல்லி செய்ய எழுந்த யூனியன் கார்பைடு ஆலையில், நச்சுக் கலத்தினுள் நீர் புகுந்தது. மீதைல் ஐசோசயனேட் கொதித்தெழுந்தது. குளிரூட்டும் பொறியோ மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரமோ, குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. ஏறத்தாழ 40 டன் நஞ்சு உறங்கும் குடிசைகளின்மீது படர்ந்தது. ஆயிரமாயிரவர் மடிந்தனர், ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊறுற்றனர். தலைவிதி என்று கூறுவாரும் உளர். குளிரூட்டியை நிறுத்தியது விதியின் கையா, மனிதன் கையா?

அந்த இரவை உலகறியும். அதற்கு முன்பே தொடங்கி இன்னும் ஓயாத மற்றொரு கொடுமையைப் பலர் அறியார். ஆலை, தன் கழிவை வளாகத்து மண்ணிலும் அருகே வெட்டிய குளங்களிலும் ஆண்டுக்கணக்கில் கொட்டியது. நஞ்சு நிலத்தடி நீரில் இறங்கிற்று. வாயுவுக்குத் தப்பியவரும், அவ்விரவுக்குப் பின் பிறந்தவரும் அந்த நீரையே பருகினர்.

1989இல் 47 கோடி டாலர் கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது என்றது நிறுவனம். 2001இல் அதனை விலைக்கு வாங்கிய டௌ நிறுவனமோ, அந்த ஆலையைத் தான் நடத்தியதே இல்லை என்கிறது. வாங்கும்போது சொத்து வேண்டும், சந்தை வேண்டும், இலாபம் வேண்டும். பழி மட்டும் வேண்டாமாம்! 1998இல் நிலத்தைத் திரும்பப் பெற்ற மாநில அரசும் மண்ணைத் தூய்மை செய்து முடிக்கவில்லை. 2025இல்தான் 337 டன் கழிவு பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு எரிக்கப்பட்டது. அவ்வூர் மக்களும் அஞ்சி எதிர்த்தனர். கட்டி வைத்த மூட்டைகள் அகன்றன. மண்ணில் ஊறியதை எந்த வண்டியில் ஏற்றுவது?

இழந்தவருக்குத் தருவது இழப்பீடு. இன்னும் பிறவாதவர் பருக வேண்டிய நீரை விலைபேசி முடிக்க எந்த ஒப்பந்தத்துக்கும் உரிமை இல்லை. அவர்கள் அதில் கையொப்பமிடவில்லை. ஆலை எத்தனை கை மாறினும், கிணற்று நீர் மீண்டும் குடிநீராகும் வரையில் அறத்தின் பேரேட்டில் அந்தக் கடன் நிலுவையே!