ஒரு கண் பெற்றதற்கும் நன்றி

யாழ்ப்பாணத்தவராகிய எமது வீடுகளில் ‘நன்றி’ என்னும் சொல் அதிகம் வழங்குவதில்லை. தேநீர் தந்த மனைவிக்கோ, கிணற்றில் தண்ணீர் அள்ளித் தந்த பிள்ளைக்கோ நாம் நன்றி கூறுவதில்லை. கூறினால் அந்நியரோடு பேசுவது போலிருக்கும். அதனால் நாம் நன்றி அறியாதவர்கள் என்று ஆகிவிடாது. தைப்பொங்கலன்று முற்றத்தில் சூரியனுக்குப் படைக்கிறோம். மறுநாள் மாட்டுக்குப் பட்டிப்பொங்கல். தைப்பூசத்தில் புதிர் எடுக்கிறோம். வளவில் வாழை போட்ட முதற் குலை ஆலயத்துக்குப் போகிறது. எம் முன்னோர் நன்றியைச் செயலிலே வைத்தனர்.

ஆனால் இவை ஆண்டுக்கு ஒருமுறை வருவன. நாள்தோறும் செய்வதற்கென்று, துயிலெழும் போதும் உண்ணும் முன்னும் உறங்கப் போகும் போதும் இறைவனை நினைக்கும்படி சைவ ஒழுக்கம் விதித்திருக்கிறது. இதனை எம்மிற் பலர் கடமைக்குச் செய்து முடித்துவிடுகின்றோம். கை திருநீறு பூசுகிறது. மனமோ பக்கத்து வளவுக்காரனின் எல்லை வேலியிலே நிற்கிறது!

இவ்வழக்கத்தினால் மனத்துக்கு உண்மையில் நன்மை உண்டா என்று மேல்நாட்டு உளவியலாளரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் எமன்ஸ், மக்கலோ என்னும் இருவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதிற் பெயர் பெற்றது. ஒரு பிரிவினர் தமக்குக் கிடைத்த நன்மைகளையும், இன்னொரு பிரிவினர் தமக்கு நேர்ந்த தொல்லைகளையும் குறித்து வந்தனர். நன்மைகளைக் குறித்தவர்களே தம் வாழ்வைப் பற்றி அதிக நிறைவு கொண்டிருந்தனர். நரம்பு, தசை நோயுள்ளவர்கள் 21 நாட்கள் இவ்வாறு எழுதியபோது அவர்களது மனநிலையும் உறக்கமும் மேம்பட்டன. குறையொன்றும் இல்லாதவர்களைக் கொண்டு மட்டும் இது சோதிக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

எனினும் எமது மண்ணில் ஒரு கேள்வி எழாமற் போகாது. போரிலே பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், “இருப்பதை நினைத்து ஆறுதற்படுங்கோ அம்மா” என்று சொல்லலாமா? “என்னை ஆண்டவன் காப்பாற்றினான்” என்று ஒருவர் சந்நிதியிலே கைகூப்பும்போது, காப்பாற்றப்படாத பிள்ளையின் தாய் அருகில் நின்றால் அவள் மனம் என்ன பாடுபடும்? பிறர் துயரத்தின் வாயை அடைப்பதற்கு நன்றியுணர்வைக் கருவியாக்குவது அறம் அன்று என்பதே என் எண்ணம். அவரவர் நன்றியை அவரவரே உணரவேண்டும். மற்றவரிடம் அதை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை.

இவ்விடத்திலே சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு எமக்கு வழிகாட்டுகிறது. சங்கிலியாரைப் பிரியேன் என்று திருவொற்றியூரிற் செய்த சபதத்தை மீறிப் புறப்பட்டவர் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். திருவெண்பாக்கத்திலே அவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மாத்திரமே. பின் காஞ்சிபுரத்திலே இடக்கண் ஒளி பெற்றார். மற்றக் கண் இன்னும் இருண்டே இருந்தது. அந்நிலையில் அவர் பாடிய பதிகம், இறைவனைக் காணக் கண் பெற்றேன் என்ற மகிழ்ச்சியினாலே நிறைந்தது. அதற்காக அவர் மற்றக் கண்ணை மறந்துவிடவும் இல்லை. திருவாரூருக்குப் போய், தம் தோழராகிய பெருமானிடம் உரிமையோடு சினந்து முறையிட்டே வலக்கண்ணையும் பெற்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. கிடைத்ததற்கு நன்றி, கிடைக்காததற்கு முறைப்பாடு, இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. அவ்வாயைச் சைவ உலகம் தேவார முதலிகளின் வாயாகவே போற்றுகிறது. ஆகவே அழுதுகொண்டு நிற்கும் தாயும் நன்றி கெட்டவள் அல்லள்.

நாளாந்தம் செய்வதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. மாலையிற் சாமியறையில் விளக்கேற்றும்போது, அன்று எமக்கு உதவிய ஒருவரையோ ஒன்றையோ குறிப்பிட்டு நினைத்தாற் போதும். “எல்லாவற்றுக்கும் நன்றி” என்று பொதுப்படச் சொல்வது மனத்திலே தங்காது. உதாரணமாக, கிணற்றை நினைக்கலாம். வற்றாத ஆறில்லாத குடாநாடு எமது. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணக்கல்லின் ஊடாக இறங்கித் தங்குவதாலேயே பண்டத்தரிப்பிலும் எமக்குக் குடிநீர் கிடைக்கிறது.

தென்மராட்சியையும் நினைக்கலாம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் கொட்டும் மழையில் இடம்பெயர்ந்து நாவற்குழியைக் கடந்தபோது, முன்பின் அறியாத எமக்கு அவ்வூர் மக்கள் திண்ணையும் கிணறும் தந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழிந்து, 2000ஆம் ஆண்டிலே, அவர்கள் இடம்பெயர்ந்து வடமராட்சிக்கும் எமது வலிகாமத்துக்கும் வந்தனர். அப்போது எமது படலையை எவ்வளவு விரைவாகத் திறந்தோம் என்பது அவரவர்க்குத் தெரியும்.