மகளுக்குச் சேர்ந்த சொத்து

ரெம்பாவிலும் கோலா பிலாவிலும் மலாய்க் குடும்பங்களின் மரபு நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி முறை அது. அதே நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவ், லாபுப் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பெண்களுக்கு எழுதிவைக்க ஒரு சாண் மண் இருந்ததில்லை. குடியிருந்த லயமும் கம்பெனியுடையது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் வீட்டுமனைகளானபோதும், பாத்திரம் பண்டங்களோடு வெளியேறிய குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தாய்மார் மகள்களுக்கு எதைத்தான் விட்டுச்சென்றார்கள்?

ராணி மாணிக்காவின் ‘தி ரைஸ் மதர்’ நாவலை வாசித்தபோது எனக்கு விடை தெரிந்தது. 2002இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இலங்கைப் பெண் லட்சுமி 14 வயதில், மனைவியை இழந்த 37 வயதுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு மலாயா வருகிறாள். ஜப்பானியர் காலத்தில் மூத்த மகள் மோகினியை வீட்டுக்குள் ஒளித்து ஒளித்துக் காக்கிறாள். அப்படியும் சிப்பாய்கள் கொண்டுபோய்விடுகிறார்கள். அதன்பின் அந்தத் தாயின் அன்பு கடுமையாகிவிடுகிறது. மிஞ்சிய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதன் வெக்கையிலேயே வளர்கிறார்கள்.

கதை நடப்பது குவாந்தானில். ஆனால் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று பாட்டி சொல்லத் தொடங்கினால் அதே கதைதான் எங்கள் லயத்திலும். பெண்பிள்ளைகளின் முகத்தில் கரி பூசினார்கள். அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அன்றைக்கு அது அறம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1945இல் சிப்பாய்கள் போனார்கள், பயம் போகவில்லை. சத்தமாகச் சிரிக்காதே, வாசலில் நிற்காதே என்று பாட்டி அம்மாவிடம் சொன்னார், அம்மா என்னிடம் சொன்னார், நான் என் மகளிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் தாய்வழியாக வந்த சொத்து இந்தப் பயம்தான்.

தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் என் மகளுக்குக் காலையில் வயிற்றுவலி. மொழி புதிது, முகங்கள் புதிது. சோம்பல் என்று அதட்டினேன். கண்ணேறு என்று உப்பு மிளகாய் சுற்றிப்போட்டேன். 2017இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் இருவரிடம் மனப்பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. வாயால் சொல்லத் தெரியாததை அந்த வயதில் வயிறு சொல்லும், நெஞ்சு படபடத்துச் சொல்லும். பள்ளி ஆலோசகரிடம் கூட்டிப்போவதில் குடும்பமானம் ஒன்றும் போய்விடாது. ஆனால் அதற்கும் முன்னால் தாய் செய்யவேண்டியது ஒன்றுண்டு. தன் பயத்தைக் கட்டளையாக்காமல் பயமாகவே மகளிடம் சொல்லிவிட வேண்டும். நம்மில் பலருக்கு அது கைவராது. பிள்ளைகள் முன் பயந்தவளாகத் தெரிவது தாய்மைக்கு இழுக்கு என்றே வளர்ந்துவிட்டோம்.

ஒரு விடிகாலை, சீருடையோடு கட்டிலில் சுருண்டு கிடந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோட்டத்தில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அம்மா போனபின், இருட்டில் பால்மர நிரைகளுக்கு நடுவே நான் மட்டும் பள்ளி பஸ்ஸுக்கு நடந்துபோனதைச் சொன்னேன்.

“உங்களுக்கும் வயிறு வலிச்சுதாம்மா?”

வலித்தது என்றேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.