நாய்க்கு எதுக்குங்க கணக்கு?

கோபிப் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் நாய்க்கென்று யாரும் தனியாகக் கணக்கு எழுதுவதில்லை. மிஞ்சின சோறு, ராத்திரி ஆட்டுப்பட்டிக் காவல், அவ்வளவுதான். நான் எக்செல் ஷீட்டில் நாய்ச் செலவைப் போட்டுப் பார்த்தபோது, "பாசத்துக்குமா கண்ணு கணக்குப் பாப்ப?" என்று அப்பாரு சிரித்தார்.

ஆனால் அங்கேயும் செலவு இருந்தது. ஊசி போடாத குட்டி பார்வோ வந்து சாகும். கால் முறிந்த நாய் காலம் முழுக்க நொண்டும். நாம் கட்டாத தொகையை நாய் தன் உடம்பால் கட்டியது.

நாய்க்கு ஆயுள் சுமார் 12 வருஷம். மாசம் 1,000 ரூபாய் என்று வைத்தாலே 1,44,000 ஆகிறது. சோறும் வருஷாந்திர வெறிநோய்த் தடுப்பூசியும் முன்கூட்டியே தெரிந்த செலவுகள். கிழட்டு வயசு வைத்தியம் அப்படியில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு தொகை எழுதும்போதுதான் 'எதுவரைக்கும் செய்வேன்?' என்ற கேள்வி வருகிறது. வரம்பு வைப்பதில் கொடூரம் இல்லை. வரம்பே இல்லை என்று சொல்லிவிட்டு, பில் வந்த அன்று நாயை ரோட்டோரம் இறக்கிவிடுவதில் இருக்கிறது.

பட்டினி கிடக்கும்படி நாயைக் கைவிட்டால், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். 1,44,000க்கு எதிரே 50. சட்டம் தடுக்காத இடத்தில், குட்டியைத் தூக்குமுன் நாமே எழுதிவைத்த கணக்குத்தான் தடுக்கணும்.