சளி பிடித்தது, படம் பிடித்தது

வருஷக் கடைசியானால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வேலை நடக்கும். அந்த வருஷம் பிடித்த பத்துப் படம், அஞ்சு புத்தகம், மூணு பாட்டு என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுவார்கள். நானும் போடுவேன். 2024க்கு நான் போட்டதில் மஞ்சும்மல் பாய்ஸ், வாழை, லப்பர் பந்து, மெய்யழகன் நாலும் இருந்தன. அநேகமாக உங்கள் பட்டியலிலும் இருந்திருக்கும். அதனால் விமர்சனம் எதுவும் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு இருப்பது வேறொரு கேள்வி. ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது நான் எதைப் பற்றிச் சொல்கிறேன்? படத்தைப் பற்றியா, என்னைப் பற்றியா?

தமிழ் வாக்கிய அமைப்பிலேயே இதற்கு ஒரு துப்பு கிடைக்கிறது. 'நான் படம் பிடித்தேன்' என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போன ஆள் என்று அர்த்தம். ரசித்தவன் 'எனக்குப் படம் பிடித்தது' என்றுதான் சொல்வான். 'எனக்குச் சளி பிடித்தது' என்பதும் இதே அச்சுதான். இரும்புக்குத் துரு பிடிப்பதும் அப்படியே. இந்த வாக்கியங்களில் செய்கிறவன் நான் இல்லை. எங்கிருந்தோ வந்த ஒன்று என்னைப் பிடிக்கிறது. நான் அது நடக்கிற இடம், அவ்வளவுதான். சளி பிடித்தவன் அதைத் தன் ஆளுமையின் அடையாளமாகச் சொல்லிக்கொள்வதில்லை. நாமும் அவனிடம் "காய்ச்சல் இருக்கா, ராத்திரி தூங்குனியா" என்றுதான் விசாரிக்கிறோம். அதாவது, அது உன்னை என்ன செய்தது? படம் பிடித்தவனிடம் மட்டும் இதை ஏன் யாரும் கேட்பதில்லை?

ஆனால் 'பிடி' என்பது ஆபத்தான சொல்லும்கூட. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இந்த ஆபத்து எங்கள் தொழிலுக்கு நன்றாகவே தெரியும். யூட்யூப் 2012ல் தன் பரிந்துரைகளின் அளவுகோலை மாற்றியது. அதுவரை எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் இருந்தது. அதன்பிறகு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது முன்னுக்கு வந்தது. ஏமாற்றுத் தலைப்புகளை ஒழிக்க அது நல்ல முடிவுதான். ஆனால் அன்றிலிருந்து 'பிடித்திருக்கிறது' என்பதற்கு இயந்திரத்தின் அகராதியில் 'விடமுடியவில்லை' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. ராத்திரி பதினோரு மணிக்கு ரீல்ஸைத் திறந்து ஒரு மணிக்கு மூடுகிறவன் கணக்குப்படி இரண்டு மணி நேரம் பிடிபட்டவன். காலையில் எழுந்து அதில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் முழிப்பான். பிடித்தது என்பது வேறு, பிடியில் இருந்தது என்பது வேறு. இரண்டுக்கும் வித்தியாசம், விட்ட பிறகுதான் தெரியும்.

விட்ட பிறகு என்றால் எவ்வளவு நாள் கழித்து? முப்பத்து மூன்று வருஷம்கூட ஆகலாம். குணா 1991 தீபாவளிக்கு, தளபதியோடு வந்தது. தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. 2024 பிப்ரவரியில் மஞ்சும்மல் பாய்ஸ் வந்தபோது, மலையாளம் தெரியாத கூட்டம் அந்தக் கடிதப் பாட்டு வருகிற இடத்தில் கத்தித் தீர்த்தது. மதுரையிலிருந்து நாலு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கொடைக்கானல் குகையில் நடக்கிற கதை. எங்கள் பாட்டு, ஆனால் அதைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தந்தது எர்ணாகுளத்துப் பக்கத்து ஆட்கள். 1991ன் பார்வை நேரத்தை வைத்து இதை எந்த நிரலும் கணித்திருக்க முடியாது.

லப்பர் பந்துவிலும் ஒரு பழைய பாட்டு உண்டு: 1989ல் வந்த பொன்மனச்செல்வன் படப் பாட்டு. இளையராஜா இசை, விஜயகாந்த் படம். அட்டகத்தி தினேஷ் மட்டையோடு மைதானத்துக்குள் வரும்போது அது ஒலிக்கும். எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு இன்னொரு கனம் உண்டு. விஜயகாந்த் மதுரைக்காரர், அரிசி ஆலை வைத்திருந்த குடும்பம். அவர் இறந்தது 2023 டிசம்பர் 28. படம் வந்தது அடுத்த செப்டம்பரில். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டே முழுப் படத்தையும் பார்த்து முடிக்கிற ஆள் அவர். அந்தப் பாட்டு வந்ததும் கட்டிய கை அவிழ்ந்தது. முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போது, "நீங்க என்னைக்குப்பா விஜயகாந்த் ரசிகர் ஆனீங்க?" என்று கேட்டேன். "ரசிகன்லாம் இல்லடா. படம்கூட அவ்வளவா பாத்ததில்ல. ஆனா சோறு போட்ட மனுசன்" என்றார்.

தொல்காப்பியர் இதை மெய்ப்பாடு என்கிறார். உள்ளே நடப்பது உடம்பில் வெளிப்படுவது. நகை, அழுகை என்று எட்டாகப் பிரித்து ஒரு தனி இயலே வைத்திருக்கிறார். அப்பாவுக்கு அது பிடித்ததா என்பதற்கு அந்தக் கையைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அவர் பட்டியல் போட்டால் லப்பர் பந்து அதில் வராது. அவரைப் பிடித்தது படம் இல்லை, ஒரு மனிதரைப் பற்றி ஊர் வைத்திருக்கிற ஞாபகம். படம் அதற்கு ஒரு வழி திறந்துவிட்டது.

மெய்யழகன் என்னைச் செய்தது வேறு மாதிரி. இரண்டு மணி ஐம்பத்தேழு நிமிடப் படமாக வந்து, நீளம் என்ற புகாருக்குப் பின் சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது. குறைத்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் படம் பார்க்க வருகிறார்கள். ஆனால் அந்தப் படமே முழுக்கப் பேச்சுதான். ராத்திரி முழுக்கத் தன்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிற உறவுக்காரனின் பெயர் அரவிந்த்சாமிக்கு ஞாபகம் வராது. கேட்கவும் கூச்சம். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மிகப் பயங்கரமான கேள்வி "என்னைய யாருன்னு தெரியுதா?" என்பதுதான். படம் பார்த்த இரண்டாம் மாதம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். ஒரு பெரியவர் அதே கேள்வியோடு வந்து உட்கார்ந்தார். "நீங்களே சொல்லுங்க தாத்தா" என்றேன். என் பாட்டியின் பெரியம்மா வீட்டிலிருந்து ஆரம்பித்து, வித்த நிலம், நின்றுபோன ஒரு சம்பந்தம், ஒரு சண்டை எல்லாம் தொட்டு அரை மணி நேரத்தில் என்னிடம் வந்து சேர்ந்தார். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்ட வழியே இல்லாத அரை மணி நேரம். அதைக் கேட்க வைத்தது படம் என்று நிரூபிக்க முடியாது. சந்தேகம் மட்டும் உண்டு.

சிக்கலே வாழையில்தான். தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்டதற்குப் பதிலாக, ஆட்களை வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏற்றி அனுப்புகிறார்கள். அதன் விலை உயிர்கள். மாரி செல்வராஜ் தன் சிறுவயதிலிருந்து எடுத்த கதை. இதை ஒரு கிரிக்கெட் படத்துக்கு மேலே, ஒரு நண்பர்கள் படத்துக்குக் கீழே என்று வரிசை எண் போட்டு வைக்கும்போது என்ன செய்கிறோம்? 'பிடித்தது' என்கிற சொல் அங்கே கூசுகிறது. அழுதேன் என்றால் மட்டும் போதுமா? என் அழுகையால் எந்தச் சுமைகாரருக்கும் கூலி ஏறவில்லை. யானைக்கல் பக்கம் தார் இறக்குகிறவர்களைப் பார்த்தால் இப்போது என் கண் தானாக எண்ண ஆரம்பிக்கிறது: ஒரு தோளில் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை. எண்ணுவது நீதி ஆகாது. ஆனாலும் எண்ணாமல் கடந்துபோவது முன்பு போல முடியவில்லை.

"பத்து மணி நேரம் கால் பேசிட்டு வந்து படுத்துக்கிட்டு ஒரு படம் பாக்குறேன். அதுலயும் அறம் தேடணுமாடா?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. களைப்பு தீர்வதும் ஒரு பயன்தான். பார்த்ததெல்லாம் நம்மை மாற்ற வேண்டும் என்று கேட்பது கொடுமை. நான் சொல்வது அதைவிடச் சின்னது. களைப்பு தீர்த்ததைக் களைப்பு தீர்த்தது என்று சொல்வோம். பிடித்தது என்று சொன்னால், அது நம்மிடம் எதையோ கேட்க வந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வோம். பட்டியலின் மேல் எனக்கிருக்கிற வருத்தம் இதுதான்: அது ரசீது மாதிரி. எழுதிவிட்டால் பாக்கி இல்லை என்ற நிம்மதி வந்துவிடுகிறது. வாழைக்கு நான் தரவேண்டிய பாக்கி எவ்வளவு என்றே எனக்கு இன்னும் தெரியாது. அதை முடிந்த கணக்காகக் காட்டுவதுதான் பொய்.

பட்டியலுக்குள் வராத பிடித்தவையும் உண்டு. வைகை அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் ஊருக்குள் வந்து சேர நேரம் எடுக்கும். வருகிற அன்று 1889ல் கட்டிய ஏ.வி. பாலத்தின் மேல் ஆட்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிற்பார்கள். பூக்கூடையோடு ஒரு அம்மா, யூனிஃபார்மில் இரண்டு பையன்கள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருத்தர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலும் கருவேலமுமாகக் கிடக்கிற ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பார்கள். யாரும் யாரிடமும் நல்லா இருக்கு என்று சொல்வதில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார். பிடித்துக்கொண்டது விடுகிறவரை அவர்கள் நகர மாட்டார்கள்.