காட்சியும் சாட்சியும்

காண்பது கண்ணின் தொழில்; கண்டது இன்னதென்று துணிவது அறிவின் தொழில். இவ்விரண்டிற்கும் இடையே ஆசை புகுந்துவிடின் அறிவு தன் தொழிலை மறந்துவிடும். இவ்வுண்மையை விளக்க ஒரு மரங்கொத்தியே போதும்.

நம் நாட்டுத் தென்னந்தோப்புகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் பொன்முதுகு மரங்கொத்தியைக் காணலாம். அதனை ஒத்த பெரிய பொன்முதுகு மரங்கொத்தியோ அரியது. மலேசியத் தீபகற்பத்தில் பெரும்பாலும் கடலோரக் கண்டற்காடுகளில் வாழ்வது. பொன்னிற முதுகும் ஆணின் செங்கொண்டையும் இரண்டிற்கும் பொது. வேறுபாடுகளோ நுண்ணியவை. முன்னதன் பின்கழுத்து கருமை. பின்னதன் பின்கழுத்து வெண்மை. முன்னதன் கன்னத்தில் ஒரே கருங்கோடு; பின்னதற்கு அது இரண்டாய்ப் பிரிந்து நடுவே வெண்மை காட்டும். முன்னதன் காலில் மூன்று விரல்கள், பின்னதற்கு நான்கு.

இலைமறைவில் ஒரு நொடி தோன்றி மறையும் பறவையிடம் இவற்றையெல்லாம் காண்பது எளிதன்று. முதுகை மட்டும் கண்டவன், காணாத பின்கழுத்துக்கும் மனத்தால் வெண்மை தீட்டி, "அரியதைக் கண்டேன்" என்று குறிப்பேட்டில் எழுதினால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். தீங்கு உண்டு. இல்லாத இடத்தில் ஓர் உயிரை உண்டென்று எழுதிவைத்தால், அதன் அழிவு எவர் கவனத்திற்கும் வாராது போகும்.

கற்றோரும் இதில் ஐயத்திற்கு அப்பாற்பட்டவர் அல்லர். அமெரிக்காவின் தந்த அலகு மரங்கொத்தியை, 1944ஆம் ஆண்டிற்குப் பின் அனைவரும் ஏற்கும் வண்ணம் எவரும் கண்டதில்லை. ஆர்கன்சா மாநிலத்தில் அது மீண்டும் காணப்பட்டதென 2005இல் அறிஞர்கள் அறிவித்தனர். அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று, சில நொடிகளே ஓடும் ஒரு படம். அதில் பறப்பது பரவலாக வாழும் வேறோர் இனமே என 2006இல் பிற அறிஞர்கள் மறுத்தனர். ஒரே படம், இரு முடிவுகள்!

அவ்வாறாயின் உறுதியற்ற காட்சியை மறைத்துவிடலாமா? அதுவும் நேர்மையன்று. "பொன்முதுகைக் கண்டேன், பின்கழுத்தைக் காணவில்லை, இரண்டில் எதுவெனத் துணிய இயலவில்லை" என்று எழுதுவதே மெய்யான சாட்சி. அவ்வரி, அடுத்து வருபவன் எங்கே நோக்க வேண்டும் என்பதையும் காட்டிவிடுகிறது.

ஆசிரியர்களாகிய நாம் விடைகளுக்கே மதிப்பெண் வழங்கிப் பழகிவிட்டோம். "பின்கழுத்தைப் பார்க்கவில்லை, ஐயா" என்று சொல்லும் மாணவனுக்கும் நம் ஏட்டில் ஓர் இடம் வேண்டும். துணிந்து ஊகித்தவனைவிட அவனே அறிவுக்கு அருகில் நிற்கிறான்.