அன்றைக்கே போட வேண்டிய விதை

குண்டலுபேட்டையில் எங்கள் கொல்லையின் மேற்கு ஓரம் நாலு களாச் செடிகள் நிற்கின்றன. விதை போட்டு வளர்த்தவை. முளைக்க வைக்கவே எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

முதல் ஆண்டு ஆனியில் பக்கத்து வீட்டு அஜ்ஜி ஒரு சொம்பு நிறையப் பழம் கொடுத்தார். கன்னடத்தில் அதற்குக் கவளி என்று பேர். தின்ற பழத்தின் விதைகளைக் கழுவி, காயவைத்து, தாளில் மடித்து அலமாரியில் வைத்தேன். ஐப்பசி மழை விழட்டும், நிதானமாகப் போடலாம் என்று எண்ணம். போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. மண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது அஜ்ஜி ஒன்றுதான் கேட்டார்: "பழம் தின்னு எத்தனை நாள் ஆச்சப்பா?"

நெல்லையும் கேழ்வரகையும் அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கலாம். களா விதை அப்படியல்ல. பழத்தை விட்டு வெளியே வந்தால் சீக்கிரமே முளைக்கும் சக்தியை இழந்துவிடும்.

மறு ஆண்டு கறுக்கப் பழுத்ததாகப் பார்த்துப் பிதுக்கினேன். பால் பட்டு விரல் பிசுபிசுத்தது. தேங்காய் எண்ணெய் தடவித்தான் துடைக்க முடிந்தது. சதையை அலசியதும் தட்டையாகச் சின்னச் சின்ன விதைகள். செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்த பைகளில் அன்று சாயங்காலமே ஊன்றினேன். மூன்றாம் வாரம் ஒரு பையில் மண் லேசாக விரிந்து, கூன் போட்ட பச்சைத் தண்டு ஒன்று தெரிந்தது. மறுநாள் நிமிர்ந்து இரண்டு இலை விரித்தது.

அதைப் பார்த்தபோது பெரியப்பா நினைவுதான் வந்தது. தாளவாடியில் அவருடைய காட்டைச் சுற்றிக் களா வேலிதான். (ஆடு மாட்டை நிறுத்தும், யானையை நிறுத்தாது.) அவரைப் பார்க்கப் போவதை, அறுப்பு முடியட்டும் என்று தள்ளினேன், பிறகு மழை விடட்டும் என்று தள்ளினேன். சித்திரையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அந்த அலமாரி விதைகளைப் போல ஆகிவிட்டன. பணத்தைச் சேர்த்து வைக்கலாம், தானியத்தைச் சேர்த்து வைக்கலாம். அன்பையும் அப்படி வைக்கலாம் என்று நம்பியது என் பிழை.

விதை உடனே மண்ணில் விழுந்தாலும் போதாத இடமும் உண்டு: ஊருக்குத் தெற்கே பந்திப்பூர்க் காடு. 1973-இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஒன்பது காடுகளில் ஒன்று. இன்று அதன் அடிக்காட்டை அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி பெருமளவு மூடிக் கிடக்கிறது. அது அடர்ந்த இடத்தில் சிறுகளாவும் சூரையும் முளைத்தாலும் வெளிச்சம் கிடைப்பதில்லை. கரடியும் கொண்டைக்குருவியும் தின்பது அந்தப் பழங்களை.

என் செடிகள் இன்னும் காய்க்கவில்லை. விதையிலிருந்து வந்த களா காய்க்க மூன்று நாலு ஆண்டு ஆகும்.

வரும் ஆனியில் சந்தையில் ஊறுகாய்க்குக் களாக்காய் வாங்கினால், பழுத்த பழமும் ஒரு கை வாங்குங்கள். தின்றுவிட்டு, விதையை அன்றைக்கே மண்ணில் போடுங்கள்.